கடலூரிலோ புதுச்சேரியிலோ பிள்ளையைப் புதிதாகப் பள்ளியில் சேர்க்கிறீர்களா? சீருடை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

இடமாற்றல் வாங்கிக்கொண்டு மே மாதக் கடைசியில் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ வந்து இறங்கும் குடும்பத்துக்கு எந்த வேலைக்கும் நேரம் போதாது. வீடு பார்க்க வேண்டும், கேஸ் இணைப்பை மாற்ற வேண்டும், மாற்றுச் சான்றிதழைக் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுக்க வேண்டும். சீருடை கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். அதற்குள் கடையில் உங்கள் பிள்ளையின் அளவு தீர்ந்திருக்கும். தையற்காரர் "இருபது நாள் ஆகும்க்கா" என்பார். பிள்ளை பழைய பள்ளிச் சட்டையோடு புது வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பு மகளும் ஒன்பதாம் வகுப்பு மகனும் ஒரே ஆண்டில் இரண்டு பள்ளிகளில் சேர்ந்தார்கள். மகளுக்கு அரசுப் பள்ளி, மகனுக்குத் தனியார் பள்ளி. இரண்டுக்கும் விதிகள் வேறு, செலவும் வேறு. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கானது இது.

1. காசு எடுக்கும் முன் விதியை எழுத்தில் வாங்குங்கள்

சேர்க்கைக் கட்டணம் கட்டிய கையோடு அலுவலகத்தில் சீருடை விவரத் தாளைக் கேளுங்கள். பல தனியார் பள்ளிகளில் அது டைரியின் முதல் சில பக்கங்களில் அச்சாகியிருக்கும். டைரி ஜூனில்தான் தருவோம் என்றால், போன வருட டைரியின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் தாள் இருக்காது. வகுப்பாசிரியரிடமோ அலுவலக உதவியாளரிடமோ கேட்டு நீங்களே ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "டீச்சர், இது சரிதானே?" என்று ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.

என்ன கேட்பது என்று தெரியாமல் போனால் "யூனிஃபார்ம் என்ன கலர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அது போதாது. இவற்றையும் கேளுங்கள்:

- எந்தக் கிழமைக்கு எந்த உடை? வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ வெள்ளை உடை, வெள்ளை கேன்வாஸ் ஷூ என்று வைத்திருக்கும் பள்ளிகள் பல.
- ஹவுஸ் (போட்டிகளுக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கும் வண்ண அணி) டி-ஷர்ட் உண்டா? உண்டென்றால் ஹவுஸ் எப்போது ஒதுக்குவார்கள்?
- இந்த வகுப்பில் அரை டவுசரா, முழு பேன்ட்டா? பெண் பிள்ளைகளுக்கு ஸ்கர்ட்டா, சுடிதாரா? துப்பட்டாவா, மேலே ஓவர்கோட்டா?
- அடுத்த ஆண்டு சீருடை மாறப்போகிறதா?
- பேட்ஜ், பெல்ட், டை பள்ளியில் தருவதா, வெளியில் வாங்குவதா?
- ரிப்பன் என்ன நிறம்? சாக்ஸ் முழங்கால் வரையா, கணுக்கால் வரையா?

அடுத்த ஆண்டு மாறுமா என்ற கேள்வியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு என்று பிள்ளை படியேறும்போது சீருடையின் நிறமும் மாறும் பள்ளிகள் நிறைய. உங்கள் பிள்ளை எட்டிலோ பத்திலோ சேர்கிறது என்றால் அந்த உடைக்கு ஆயுள் ஓராண்டுதான். "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு செட் கூட எடுத்துப்போம்" என்று எடுத்தால் அடுத்த ஜூனில் அவை அலமாரியில் கிடக்கும்.

2. உங்களுக்கு இலவசச் சீருடை உண்டா என்று பாருங்கள்

கடலூரில், அதாவது தமிழ்நாட்டில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 8 வரை படித்து, சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணை சீருடை விலையில்லாமல் கிடைக்கும். இந்த வரியில் "சத்துணவு" என்ற சொல்லைக் கவனியுங்கள். சேர்க்கையின்போது "பாப்பா மதியம் ஸ்கூல்ல சாப்பிடுமா?" என்று டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்பார். வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் "இல்லைங்க" என்று சொல்லிவிட்டால் சீருடைப் பட்டியலிலும் பெயர் வராது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இப்படி ஒரு வருடச் சீருடையை இழந்தது. சத்துணவில் இப்போது முட்டையும் பயறும் கலவைச் சாதமும் தருகிறார்கள். பிள்ளை சாப்பிடட்டும், பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

நான்கு இணையும் பள்ளி திறந்த அன்றே கைக்கு வந்துவிடாது, தவணையாகத்தான் வரும். ஆண்டின் நடுவில் சேர்ந்தால் இன்னும் தாமதமாகும். அதனால் அரசுப் பள்ளியில் சேர்த்தாலும் ஒரு செட்டைக் கைக்காசில் எடுத்து வைத்துக்கொள்வது நிம்மதி. வருகிற சீருடை பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும். பக்கத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவிடம் கொடுத்தால் பக்கங்களைப் பிடித்துத் தருவார். வெட்டிவிடாமல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், பிள்ளை வளரும்போது பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சீருடை உங்கள் செலவு. அரசுப் பள்ளியாக இருந்தாலும் அப்படித்தான். எட்டு வரை இலவசமாக வாங்கிப் பழகிய பெற்றோர் ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போது கையைப் பிசைவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கென்று முன்கூட்டியே ஒரு தொகை எடுத்து வையுங்கள்.

புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் அரசு வேறு, திட்டம் வேறு. அங்கேயும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுக்கிறார்கள். துணியாகத் தருவார்களா, தைத்துத் தருவார்களா, இந்த ஆண்டு எப்போது வரும் என்பதைத் தலைமை ஆசிரியர் அலுவலகத்திலேயே கேளுங்கள். அக்கம்பக்கத்தார் சொல்லும் போன வருடக் கதையை நம்பி இருக்க வேண்டாம்.

3. எத்தனை செட், எவ்வளவு பணம்

என் கணக்கு இது: அன்றாடச் சீருடை இரண்டு செட், வெள்ளை ஒரு செட். ஆண்டின் தொடக்கத்தில் இதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது அன்றாடச் செட்டை செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில் எடுங்கள். அப்போது பிள்ளையின் உயரமும் தெரியும், மழைக்காலமும் நெருங்கியிருக்கும், கடையில் கூட்டமும் இருக்காது.

தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்த விலைகளைத் தருகிறேன். கடைக்குக் கடை மாறும், வருடத்துக்கு வருடம் ஏறும், ஒரு மதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெடிமேட் சட்டை 350 முதல் 500 ரூபாய், பேன்ட் 450 முதல் 650. வெள்ளை செட் 700 முதல் 900. ஹவுஸ் டி-ஷர்ட் 300 முதல் 400. டை, பெல்ட் சேர்த்து 200 முதல் 300. கறுப்பு ஷூ 600 முதல் 900, வெள்ளை கேன்வாஸ் 400 முதல் 600. மூன்று ஜோடி சாக்ஸ் 200 அளவில். இரண்டு அன்றாடச் செட்டோடு எல்லாம் கூட்டினால் 4,000-த்திலிருந்து 5,600 வரை வரும். சேர்க்கைக் கட்டணம், புத்தகம், வேன் என்று எல்லாம் ஒரே மாதத்தில் விழும்போது இந்தத் தொகை கண்ணைக் கட்டும். வெள்ளை செட்டும் ஹவுஸ் டி-ஷர்ட்டும் முதல் வாரத்திலேயே தேவைப்படாது. அவற்றை ஜூலைச் சம்பளத்துக்குத் தள்ளலாமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஹவுஸ் ஒதுக்கும் முன் டி-ஷர்ட் வாங்கவே வாங்காதீர்கள். சிவப்பா, பச்சையா, நீலமா, மஞ்சளா என்பது பள்ளி முடிவு செய்வது. நிறம் மாற்றித் தரக் கடைக்காரர் சம்மதிக்க மாட்டார்.

4. "இந்தக் கடையில்தான் வாங்கணும்" என்றால்

குறிப்பிட்ட ஒரு கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு, பள்ளிக்குள்ளேயே விற்கும் பள்ளிகளும் உண்டு. உங்கள் பள்ளி சிபிஎஸ்இ என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். புத்தகம், நோட்டு, பை, சீருடை, ஷூ ஆகியவற்றைக் குறிப்பிட்ட கடையில் வாங்கும்படி வற்புறுத்துவதைக் கைவிடச் சொல்லி 2017-இல் சிபிஎஸ்இ வாரியம் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அலுவலகத்தில் சண்டை போட வேண்டியதில்லை. "துணியும் நிறமும் சரியாக இருந்தால் வெளியில் தைத்துக்கொள்ளலாமா?" என்று பணிவாக, முடிந்தால் எழுத்தில் கேளுங்கள். கட்டம் போட்ட துணி, பள்ளி முத்திரை நெய்த பாக்கெட் போன்றவை வெளியில் கிடைக்காது. அவற்றை மட்டும் பள்ளி சொன்ன இடத்தில் எடுத்துவிட்டு, சாதாரண ஒற்றை நிற பேன்ட்டையும் சாக்ஸையும் ஷூவையும் வெளியில் வாங்கினால் செலவில் வித்தியாசம் தெரியும்.

எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில்லின் பின்னால் "துவைக்காமல், டேக் எடுக்காமல் இத்தனை நாளுக்குள் மாற்றலாம்" என்று கடைக்காரர் கையால் ஒரு வரி எழுதி வாங்குங்கள். மே கடைசியில் வாங்கி, ஜூனில் பள்ளி திறந்த பிறகு அளவு சரியில்லை என்று போய் நிற்கும்போது அந்த ஒரு வரிதான் உதவும்.

5. ரெடிமேடா, தைக்கக் கொடுப்பதா

ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு ரெடிமேட் போதும். ஒல்லியாக உயரமாக இருக்கும் பிள்ளைக்கும், உடல்வாகு கொஞ்சம் பருமனான பிள்ளைக்கும் ரெடிமேட் பொருந்துவதில்லை. இடுப்பு சரியாக இருந்தால் கால் குட்டையாக இருக்கும், கால் சரியாக இருந்தால் இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குத் தைப்பதுதான் நல்லது. வளர்ந்த பெண் பிள்ளைகளின் சுடிதாருக்கும் தையலையே சொல்வேன். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளும் உடையில் ஒரு பெண் பிள்ளையால் பாடத்தைக் கவனிக்க முடியாது.

துணி எடுக்கும்போது அகலத்தைக் கேளுங்கள். 36 அங்குல அகலத் துணிக்கும் 58 அங்குல அகலத் துணிக்கும் மீட்டர் கணக்கே வேறு. மீட்டர் விலை குறைவாகத் தெரிகிற துணி 36 அங்குலமாக இருந்தால் மொத்தத்தில் கூடுதலாகிவிடும். தையற்காரரிடம் முதலில் அளவு கொடுத்து, "58 அகலத்துல எவ்வளவு மீட்டர் வேணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். துணிக் கடைக்காரர் சொல்லும் மீட்டர் எப்போதும் ஒரு கால் மீட்டர் தாராளமாகவே இருக்கும்.

பருத்தி கலந்த துணியைத் தைக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துக் கொடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். இதைச் செய்யாத சட்டை மூன்று துவைப்பில் தோளைப் பிடிக்கும்.

தையற்காரரிடம் சொல்ல வேண்டியவை: "அண்ணா, பேன்ட் கீழ்மடிப்புல மூணு இன்ச் உள்ளே விடுங்க. இடுப்புல பின்தையல்ல ரெண்டு இன்ச் விடுங்க. சட்டைக் கை மடிப்புலயும் கொஞ்சம் விடுங்க." பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்கள் ஒரே ஆண்டில் எவ்வளவு உயர்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உள்ளே விட்ட அந்த மூன்று அங்குலம் அடுத்த ஏப்ரல் வரை பேன்ட்டைக் காப்பாற்றும். பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு தெரிந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள், பெருமளவு மறையும்.

அளவு கொடுக்கும்போது பிள்ளையோடு நீங்களும் நில்லுங்கள். பையன்கள் நம் முதுகுக்குப் பின்னால் "அண்ணே, கீழ டைட்டா வைங்க" என்று சொல்லிவிடுவார்கள். பென்சில் ஃபிட், இடுப்புக்குக் கீழே இறங்கும் லோ-ஹிப் இரண்டையும் எந்தப் பள்ளியும் ஏற்பதில்லை. கால் முனை அகலம் எவ்வளவு இருக்கலாம் என்று டைரியிலேயே போட்டிருக்கும் பள்ளிகளும் உண்டு. பிரித்துத் திரும்பத் தைக்கத் துணி இருக்காது என்பதை அளவு கொடுக்கும் இடத்திலேயே பையனுக்குச் சொல்லிவிடுங்கள்.

6. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

பலர் தடுமாறும் இடம் இதுதான். தாளில் "நீலம்" என்றிருக்கும். கடையில் கருநீலம், இங்க் நீலம், ராயல் நீலம், ஆகாய நீலம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். "சந்தனக் கலர்" என்று சொல்லி க்ரீமையும் பிஸ்கட் நிறத்தையும் எடுத்துப் போடுவார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். போனில் எடுத்த படத்தை நம்பவே கூடாது, ஒவ்வொரு போனிலும் ஒரு நிறம் காட்டும்.

அதே பள்ளியில் படிக்கும் பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால், துவைத்து மங்காத சட்டை ஒன்றை அரை நாளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கடை வாசலுக்குத் துணியைக் கொண்டுவந்து, வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சரி, புதுச்சேரி நேரு வீதியிலும் சரி, வாசலில் வைத்துப் பார்க்கக் கேட்டால் யாரும் மறுத்ததில்லை. தெரிந்த பிள்ளை யாரும் இல்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் மாதிரித் துணித் துண்டு கேளுங்கள். உள்ளங்கை அளவு துண்டு போதும், அதைச் சேர்க்கை ரசீதோடு பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது செட் எடுக்கும்போதும் அதுவே உதவும்.

எல்லா செட்டுக்கும் பேன்ட் துணியை ஒரே தடவையில், ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டி வாங்கினால் நிறம் பிசகாது. தைப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

7. ஷூ, சாக்ஸ், பெல்ட்

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாகப் பொருந்துகிற ஷூ மாலையில் கடிக்கும். பள்ளிக்குப் போடும் சாக்ஸை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, கால் பெருவிரலுக்கு முன் உங்கள் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் பிள்ளை காலை இழுத்து இழுத்து நடக்கும்.

தோல் ஷூவும் நைலான் சாக்ஸும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. விரலிடுக்கில் புண், அரிப்பு வந்தால் மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்து, சில வாரத்துக்குச் செருப்போடு வர அனுமதி கேளுங்கள். மருத்துவச் சீட்டு இருந்தால் பள்ளியில் கேள்வி வராது. நகலெடுத்து ஒன்றைப் பிள்ளையின் பையிலும் வையுங்கள். காலையில் வாசலில் நிற்கும் பி.டி. மாஸ்டருக்கு வகுப்பாசிரியரிடம் கொடுத்த கடிதம் தெரிந்திருக்காது.

8. தலைமுடி, நகை, பூ, கயிறு

பெண் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை, மடித்துக் கட்டி, சொன்ன நிறத்தில் ரிப்பன். முடி குட்டையாக இருந்தால் ஹேர்பேண்ட் போடலாமா என்று கேளுங்கள். பூ சில பள்ளிகளில் வைக்கலாம், சிலவற்றில் கூடாது. கொலுசு, தொங்கும் கம்மல், நகப்பூச்சு பெரும்பாலும் கூடாது. சடங்கு முடிந்தோ கல்யாணத்துக்குப் போய்வந்தோ கையில் மருதாணியோடு போகும் பிள்ளையை நிறுத்தி வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. டைரியில் முன்கூட்டி ஒரு வரி எழுதி அனுப்பினால் அந்தச் சங்கடம் இல்லை. தங்கக் கம்மல் போட்டு அனுப்பாதீர்கள், தொலைந்தால் பள்ளி பொறுப்பேற்காது.

பையன்களுக்கு முடி காதுக்கு மேல், கழுத்துக்கு மேல். பக்கத்தை ஒட்ட வழித்து நடுவில் குவியலாக விடும் கட்டிங்கைத்தான் ஆசிரியர்கள் முதலில் பிடிப்பார்கள். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன் சலூனுக்கு அழைத்துப்போய் "ஸ்கூல் கட்டிங்" என்று சொன்னால் போதும்.

மாலை போடுகிற குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியும், மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடையும் அணியும் வழக்கம் நம் பக்கம் அதிகம். பள்ளிக்குள் சீருடைதான் என்று சொல்லும் பள்ளியும் உண்டு, அந்த நாட்களுக்கு மட்டும் அனுமதிக்கும் பள்ளியும் உண்டு. மாலை போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டால் தொப்பி வைக்கலாமா என்பதும், தலையில் ஸ்கார்ஃப் அணியும் பிள்ளைகளுக்கு எந்த நிறத்தில் என்பதும் சேர்க்கையின்போதே பேசிவிட வேண்டியவை.

கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டில் சில இடங்களில் எந்த நிறக் கயிறு கட்டியிருக்கிறான் என்பதை வைத்து எந்தச் சாதி என்று பிள்ளைகள் அடையாளம் பிரிக்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தமிழக அரசிடம் கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் இத்தகைய வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. உங்கள் பிள்ளை கோயிலில் கட்டிய கயிறாகவே இருக்கலாம். புது ஊரில், புது வகுப்பில், மற்ற பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை. சீருடை போடுவதே எல்லோரும் ஒன்றாக உட்காரத்தான். கயிற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அனுப்புங்கள்.

9. தேதிகளைக் குறித்து வையுங்கள்

சிபிஎஸ்இ பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவது வழக்கம். சில வாரம் நடத்திவிட்டு மே மாதம் விடுமுறை விடுவார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 தொடங்கி சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. எனவே புதுச்சேரிக்கு வருகிறவர்கள் ஜூன் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மார்ச்சிலேயே விசாரியுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கும். 2024-இல் வெயிலால் ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது, 2025-இல் ஜூன் 2. தையலுக்கு ஏப்ரல் கடைசியில் துணி கொடுத்தால் ஒரு வாரத்தில் கிடைக்கும். மே 20-க்குப் பிறகு கொடுத்தால் பள்ளி திறந்த பிறகுதான். ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், சீருடைத் துணிக்கு அப்போது பெரிய குறைப்பு இருப்பதில்லை. ஷூவுக்கும் சாக்ஸுக்கும் வேண்டுமானால் பார்க்கலாம்.

சீக்கிரம் சீருடை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் பஸ். தமிழ்நாட்டில் அரசுப் பேருந்தில் பள்ளி மாணவர்களுக்குப் பயணம் இலவசம். ஜூனில் புது பாஸ் வரும்வரை சீருடையோடு பழைய பாஸையோ பள்ளி அடையாள அட்டையையோ காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பழைய பாஸும் இருக்காது, அட்டையும் வந்திருக்காது. சீருடையும் இல்லையென்றால் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். சேர்க்கை ரசீதின் நகலைப் பையில் வைத்து அனுப்புங்கள். கடலூர் - புதுச்சேரித் தடத்தில் தனியார் பேருந்துகள் அதிகம், அவற்றில் இந்த இலவசம் செல்லாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

அடையாள அட்டைக்கான புகைப்படத்தை முதல் சில வாரங்களில் எடுப்பார்கள். அந்த நாளுக்குள் ஒரு சட்டையாவது தயாராக இருக்கட்டும்.

10. முதல் நாளுக்குள் சீருடை கிடைக்காவிட்டால்

பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். வாயால் சொல்லியும் அனுப்பாதீர்கள். கடிதம் கொடுங்கள். நான் எழுதியது ஏறத்தாழ இப்படி:

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்துள்ள என் மகனின் சீருடை தைக்கக் கொடுக்கப்பட்டுள்ளது. ஜூன் 18 அன்று கிடைக்கும். தையல் ரசீதின் நகலை இணைத்துள்ளேன். அதுவரை வெள்ளைச் சட்டையும் கருநீல பேன்ட்டும் அணிந்து வர அனுமதிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பெற்றோர் கையொப்பம், கைபேசி எண்."

எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பதையும் இடைக்காலத்தில் என்ன உடை என்பதையும் எழுதினால் ஆசிரியருக்கு முடிவெடுப்பது எளிது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவரிடம் கையெழுத்து வாங்கிப் பிள்ளையின் டைரியில் ஒட்டிவிடுங்கள். பழைய பள்ளியின் சீருடையைவிட வெள்ளைச் சட்டை நல்லது. அதன் பாக்கெட்டில் வேறு பள்ளியின் பெயர் இருக்காது, பிள்ளை கூட்டத்தில் தனியாகத் தெரியாது.

இதையெல்லாம் செய்த பிறகும் பிள்ளையை வெயிலில் நிறுத்தினாலோ, வகுப்பில் எல்லோர் முன்னும் கேவலப்படுத்தினாலோ சும்மா இருக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முதலில் வகுப்பாசிரியர், அடுத்து தலைமை ஆசிரியர். அங்கேயும் தீராவிட்டால் தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வி உதவி எண் 14417. பிள்ளை பயந்து ஒடுங்கிப்போகும் அளவுக்கு விஷயம் போனால் குழந்தைகள் உதவி எண் 1098, அது புதுச்சேரிக்கும் பொருந்தும்.

11. மழைக்காலத்துக்குத் தயாராகுங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கரையின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் பழக்கமிருக்காது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி இரண்டு நாளானாலும் காயாது. கடல் காற்றில் ஈரம் அவ்வளவு. மூன்றாவது செட் அப்போதுதான் கைகொடுக்கும். துவைத்த துணியை இரவு மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிக் காயவையுங்கள். காலர், பாக்கெட், இடுப்புப் பட்டி மூன்றும்தான் கடைசியில் காயும், அங்கே மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். ஈரத்தோடு போட்டு அனுப்பினால் இடுக்கில் படர்தாமரை வரும்.

நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றோட்டத்தில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் காலைக்குள் போடும் நிலைக்கு வரும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். மழை நாளில் செருப்போடு வரலாம் என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பார்கள், பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தாழ்வான பகுதியில் வீடு என்றால் ஒரு முழு செட்டை, சாக்ஸ், பெல்ட்டோடு, பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் பல வீடுகளில் சேற்றுத் தண்ணீரில் ஊறிப்போனது.

வெள்ளை உடைக்கு இன்னொரு தொல்லை போர்வெல் தண்ணீர். உப்பும் இரும்பும் கலந்த தண்ணீரில் துவைத்தால் வெள்ளை பழுப்பேறும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி பிடித்து வைத்து வெள்ளையை அதில் மட்டும் அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் அரை மணி வைத்து அலசினால் சின்னக் கறை போகும்.

12. சிறுத்துப்போன சீருடை

பெயர், வகுப்பு, போன் எண் எழுதிய துணி நாடாவைச் சட்டைக் காலருக்குள் தைத்திருப்பீர்கள். கைமாற்றும் முன் அதைப் பிரித்து எடுத்துவிடுங்கள். உங்கள் எண் ஊரெல்லாம் சுற்ற வேண்டாம். துவைத்து, பட்டன் தைத்து, ஒரு பையில் போட்டு, மேலே வகுப்பும் இடுப்பளவும் சட்டை அளவும் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். யாருக்குத் தேவை என்பது அவருக்குத் தெரியும், வாங்குகிற பிள்ளையின் பெயரும் வெளியே வராது. ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்திலேயே கொடுத்துவிட்டால், அந்த வீட்டார் மே மாதத்தில் கடைக்குப் போவதற்கு முன்பே கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.